மொத்தம் 7, ரைட்டிங் 6: இனி என்ன செய்வது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். புதுச்சேரியில் பி.எஸ்சி. நர்ஸிங் படித்துவிட்டு, நான்கு வருடமாக மஸ்கட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணவரும் நான்கு வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். இங்கிலாந்து போக வேண்டும் என்று மார்ச் மாதம் இங்கேயே ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினேன். லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6, மொத்தம் 7. எல்லோரும் பாஸ் என்றார்கள். ஏஜென்ட் மட்டும் ரைட்டிங் போதாது என்கிறார். நவம்பர் கடைசியில் ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறேன். சென்னையில் எழுதினால் ஸ்கோர் சுலபமாக வரும் என்கிறார்கள் தோழிகள். ஓஇடி என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வுக்கு மாறிவிடு என்கிறார் இன்னொருவர். ஊரில் ஒருவர், தேர்வே எழுத வேண்டாம், மூன்று லட்சம் கொடுத்தால் ஸ்கோர் வாங்கித் தருகிறேன் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு எது சரியென்று தெரியவில்லை. பயிற்சிக்காக எழுதிய ஒரு கட்டுரையையும் ஒரு கிராப் விடையையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஸ்கட்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் ஸ்கோரைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நான்கையும் கூட்டினால் 27.5, நான்கால் வகுத்தால் 6.875. ஐஇஎல்டிஎஸ்ஸில் மதிப்பெண்ணைப் பேண்ட் என்பார்கள். சராசரியை அருகிலுள்ள அரை பேண்டுக்குக் கொண்டுபோவதால் 7 ஆகிவிடுகிறது. சான்றிதழில் பெரிதாகத் தெரிவது அந்த 7-தான், அதனால்தான் எல்லோரும் பாஸ் என்றார்கள். ஆனால் இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி., நான்கு பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கும். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஏஜென்ட் சொன்னது சரி. உங்களிடம் இல்லாதது ரைட்டிங்கில் அரை பேண்ட் மட்டுமே.

இதோடு இன்னொரு விதியும் இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு முறை எழுதிய தேர்வுகளின் ஸ்கோரைச் சேர்த்துக் காட்ட என்.எம்.சி. அனுமதிக்கிறது. 2023-இல் இந்த விதியைத் தளர்த்தி, இரண்டு தேர்வுக்கும் இடையிலான காலத்தை 12 மாதமாக்கினார்கள். நிபந்தனை என்னவென்றால், இரண்டு தேர்விலும் எந்தப் பிரிவும் கேட்ட அளவைவிட அரை பேண்டுக்குமேல் குறையக் கூடாது. உங்கள் ரைட்டிங் 6 அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே மார்ச்சில் வாங்கிய மூன்று நல்ல ஸ்கோரும் அடுத்த மார்ச் வரை உங்கள் கையில் உண்டு. அதற்குள் மறுபடி எழுதி ரைட்டிங்கில் 6.5 வாங்கிவிட்டால், அந்த முறை ரீடிங் 6.5-க்கு இறங்கினாலும் பழைய 7-ஐக் காட்டலாம். விண்ணப்பிக்கும் முன் என்.எம்.சி. இணையதளத்தில் இந்தப் பகுதியை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். ஏஜென்ட் வாயால் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

ஓஇடி கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிடுகிறது. ஓஇடி நல்ல தேர்வு. மருத்துவத் துறைக்கென்றே நடத்துவது. ரைட்டிங்கில் கட்டுரை கிடையாது, ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து 45 நிமிடத்தில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். என்.எம்.சி.க்கு மற்ற மூன்றிலும் பி கிரேடும் ரைட்டிங்கில் சி பிளஸும் போதும். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அதையே எழுதச் சொல்லியிருப்பேன். ஆனால் ஐஇஎல்டிஎஸ் ஸ்கோரையும் ஓஇடி ஸ்கோரையும் கலந்து சேர்க்க முடியாது. அங்கே போனால் நான்கு பிரிவையும் முதலிலிருந்து ஜெயிக்க வேண்டும். முக்கால் கிணறு தாண்டியவர் திரும்பி வந்து வேறு கிணற்றைத் தாண்ட வேண்டியதில்லை. ஐஇஎல்டிஎஸ்ஸிலேயே இருங்கள்.

சரி, மஸ்கட்டா சென்னையா? ஸ்கோரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். இந்தியாவில் 2021-க்குப் பிறகு ஐஇஎல்டிஎஸ்ஸை ஐடிபி என்ற நிறுவனம் மட்டுமே நடத்துகிறது, ஓமனில் பிரிட்டிஷ் கவுன்சிலிலும் எழுதலாம். யார் நடத்தினாலும் வினாத்தாள் கேம்பிரிட்ஜில் தயாராவதுதான், ரைட்டிங்கைத் திருத்த உலகம் முழுவதும் ஒரே அளவுகோல்தான். ஊர் மாற்றி எழுதியவர்களுக்கு ஸ்கோர் ஏறியிருக்கலாம். அவர்களில் பலர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதியவர்கள். இடையில் படித்த படிப்புக்குச் சேர வேண்டிய பெருமை ஊருக்குப் போய்விடுகிறது.

உங்கள் விஷயத்தில் மஸ்கட்டே நல்லது என்பேன். காரணம் நம் ஊர் மழை. நவம்பர் கடைசி, டிசம்பர் என்றால் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2011-இல் தானே புயல் வந்தது டிசம்பர் 30. 2024-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30. அந்த வாரம் விழுப்புரம், கடலூர் பக்கம் சாலையும் ரயிலும் என்ன ஆயிற்று என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். அந்தச் சமயத்தில் சென்னை போய்த் தேர்வு எழுதுவதாகத் திட்டம் போட்டால் போய்ச் சேர்வோமா என்ற கவலையே உங்களைத் தின்றுவிடும். அதைவிட முக்கியமாக, மகளை ஒரு வருடம் கழித்துப் பார்க்கப் போகிறீர்கள். அந்த ஒரு மாதத்தைப் புத்தகத்தோடு பங்குபோட வேண்டாம். இப்போது ஆகஸ்ட் தொடக்கம். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் மஸ்கட்டில் தேதி எடுத்து, எழுதி முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இனி நீங்கள் அனுப்பிய கட்டுரைக்கு வருவோம். இதை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஆங்கிலம் 6-இல் நிற்க வேண்டிய ஆங்கிலம் இல்லை, நீங்கள் அதைப் பயன்படுத்தும் விதம்தான் ஸ்கோரை இழுத்துப் பிடிக்கிறது. கேள்வி இது: நோய் வந்தபின் சிகிச்சைக்குச் செலவிடுவதைவிட, நோய் வராமல் தடுப்பதற்கே அரசு அதிகப் பணம் ஒதுக்க வேண்டும், இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்? நீங்கள் 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்டு' என்று தொடங்கி, 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்' என்று தொடர்ந்து, இரண்டு பக்கமும் பேசிவிட்டு, உங்கள் கருத்தைக் கடைசி வரியில்தான் சொல்கிறீர்கள். அந்த இரண்டு வரியும் கோச்சிங் நோட்ஸில் வருபவை. தேர்வாளர்கள் அவற்றை எத்தனை ஆயிரம் தாளில் பார்த்திருப்பார்கள்! மனப்பாட வரிகளை அடையாளம் காண அவர்களுக்குப் பயிற்சியே உண்டு, அவற்றுக்கு மார்க் கிடைக்காது. எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் முதல் பத்தியிலேயே உங்கள் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் காலில் புண் முற்றியபிறகுதான் உங்கள் வார்டுக்கு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுரை முழுவதிலும் உங்களால் மட்டுமே எழுத முடிந்த வரி அதுதான். ஆனால் ஒரு வரியோடு விட்டுவிட்டு அரசின் பட்ஜெட், விழிப்புணர்வு முகாம், யோகா என்று ஓடிவிட்டீர்கள். அந்த இடத்தில் நில்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை காலைப் பரிசோதித்தால் என்ன தெரியும், தெரிந்தால் என்ன செய்யலாம், செய்யாவிட்டால் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டி வருவது எப்படி, அதற்கு எத்தனை நாள் படுக்கை, எத்தனை பேரின் உழைப்பு, வேலை இழந்த குடும்பத்துக்கு என்ன ஆகிறது. நான்கைந்து வாக்கியத்தில் இதைச் சொல்லிவிட்டு, ஆகவே பரிசோதனைக்குச் செலவிடும் பணம் பிறகு அறுவை சிகிச்சைக்குச் செலவாவதைவிடக் குறைவு என்று முடித்தால் ஒரு பத்தி முழுமையாகிவிடும். அப்படி இரண்டு பத்தி போதும். ஐந்து கருத்தைத் தொட்டுவிட்டுப் போவதைவிட இரண்டு கருத்தை வளர்த்து எழுதுவதுதான் 6-க்கும் 7-க்கும் இடையிலுள்ள வேறுபாடு.

நீளத்தையும் குறையுங்கள். 250 வார்த்தை கேட்ட இடத்தில் 340 எழுதியிருக்கிறீர்கள், அதுவும் 55 நிமிடம் எடுத்து. தேர்வில் இதற்கு உங்களிடம் இருப்பது 40 நிமிடம்தான். அதிகமாக எழுதியதற்கு அதிக மார்க் இல்லை. கடைசி எண்பது வார்த்தையில்தான் உங்கள் பிழைகள் குவிந்திருக்கின்றன. 270, 280-இல் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் திருப்பிப் படியுங்கள்.

பிழைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் காரணம் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. முதல் பத்தியில் மட்டும் ஆறு இடத்தில் 'எ', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள் விட்டுப்போயிருக்கின்றன. இரண்டு வாக்கியத்தில் எழுவாயே இல்லை. பல வருடமாக ஒவ்வொரு ஷிஃப்டிலும் 'பேஷன்ட் ஸ்டேபிள், பி.பி. செக்டு, டாக்டர் இன்ஃபார்ம்டு' என்று எழுதிப் பழகிய கை அது. வார்டில் அப்படித்தான் எழுத வேண்டும், அங்கே அது குறையல்ல. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்ததும் கை அதையே செய்கிறது. நான் புதுச்சேரியில் சொல்லிக்கொடுக்கும் நர்ஸ்களில், நன்றாகப் பேசுபவர்கள்கூட ரைட்டிங்கில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும், நோயாளி யாரென்று அடையாளம் தெரியாதபடி, அன்று எழுதிய குறிப்பைப் போன்ற நான்கு வரியை முழு வாக்கியங்களாக மாற்றி எழுதுங்கள். யார் செய்தார், எதைச் செய்தார், எப்போது செய்தார், எல்லாம் இருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று தமிழிலிருந்து வருவது. போய், பார்த்து, கேட்டு, சொல்லி என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றில் முடிப்பது நமக்கு இயல்பு. அதே ஓட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது கமா கமாவாகப் போட்டு நான்கு வாக்கியத்தை ஒன்றாக ஒட்டிவிடுகிறோம். உங்கள் இரண்டாவது பத்தி முழுவதும் ஒரே வாக்கியம். அதை மூன்றாக உடைத்துப் பாருங்கள், பாதிப் பிழை தானாகப் போய்விடும். நீளமான வாக்கியத்தில்தான் மார்க் என்பது தவறான எண்ணம். சிறியதும் பெரியதும் கலந்து, பிழையில்லாமல் இருந்தால் போதும்.

அடுத்து, கொடுத்த வரைபடத்தை விவரித்து எழுதும் கிராப் விடை. இதற்கு 20 நிமிடம், 150 வார்த்தை. மார்க்கில் கட்டுரைக்கு இதைப்போல இரு மடங்கு மதிப்பு, ஆகவே இதில் நேரத்தை விழுங்கவிடாதீர்கள். நீங்கள் எல்லா எண்களையும் வருட வரிசையில் எழுதியிருக்கிறீர்கள், எண்கள் சரியாகவும் இருக்கின்றன. ஆனால் ஓவர்வியூ, அதாவது மொத்தப் படத்தைச் சொல்லும் சுருக்கம், இல்லை. அது இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு சரியாக இருந்தாலும் ஸ்கோர் மேலே போகாது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சார்ட்டிலுள்ள எல்லா எண்களையும் வரிசையாகவா படிப்பீர்கள்? 'மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது, பல்ஸ் மட்டும் இன்னும் அடங்கவில்லை' என்று முதலில் சொல்வீர்கள், கேட்டால்தான் எண்களைச் சொல்வீர்கள். கிராப்பிலும் அதையே செய்யுங்கள். மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது முதலிடத்தில் இருந்தது என்று எண்ணே இல்லாமல் இரண்டு வாக்கியம், அதன்பிறகு விவரம்.

மற்ற மூன்று பிரிவுக்கும் வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு, கடிகாரத்தை வைத்து. அவ்வளவு போதும். மிச்ச நேரமெல்லாம் ரைட்டிங்குக்கு. வாரம் இரண்டு கட்டுரை, ஒரு கிராப் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிது புதிதாக எழுதித் தள்ளாதீர்கள். திருத்தி வந்த கட்டுரையை இரண்டு நாள் கழித்து, பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். முன்னேற்றம் அங்கேதான் நடக்கிறது, பலர் சலித்துப்போய் விட்டுவிடுவதும் அங்கேதான். கணினியில் எழுதப் போகிறீர்கள் என்றால் மொபைலில் விரலால் தட்டிப் பழகுவது உதவாது, ஒரு கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுத் திரை வார்த்தைகளை எண்ணிக் காட்டும், ஸ்பெல்லிங்கைத் திருத்தித் தராது. அதனால் பயிற்சியின்போதே ஆட்டோ கரெக்டை நிறுத்திவிடுங்கள்.

கோச்சிங் சேர வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். உங்களுக்கு வகுப்பு தேவையில்லை, திருத்துபவர் தேவை. ஆன்லைனில் யாரிடம் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன், வாரத்துக்கு எத்தனை கட்டுரை திருத்துவீர்கள், திருத்திய ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். 'குட், இம்ப்ரூவ் கிராமர்' என்று அடியில் எழுதியிருந்தால் அந்த இடம் வேண்டாம். ஐடிபி, பிரிட்டிஷ் கவுன்சில் இணையதளங்களிலேயே மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன.

அந்த மூன்று லட்சம் விஷயம். உங்கள் கணவரிடம் இன்றைக்கே பேசி, அந்த மனிதருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் தராமல் நிறுத்துங்கள். ஐஇஎல்டிஎஸ் சான்றிதழின் எண்ணை வைத்து, பெறும் அமைப்பு நேரடியாகச் சரிபார்க்கும். அச்சடித்த போலிக்கு அங்கே உயிர் கிடையாது. ஆள்மாறாட்டம் செய்தாலும் பிடிபடும், ஏனென்றால் தேர்வு நாளில் எடுக்கும் புகைப்படம் சான்றிதழில் வருகிறது. 2023-இல் நைஜீரியாவின் இபாடன் நகரத்தில் ஒரு மையத்தில் எழுதிய நர்ஸ்களின் கணினித் தேர்வு முடிவுகள் சந்தேகமாக இருக்கின்றன என்று என்.எம்.சி. விசாரணை தொடங்கியது. ஆங்கிலத் தேர்வு அல்ல, பதிவுக்கான தொழில் தேர்வு அது. ஏற்கெனவே இங்கிலாந்து போய்ப் பதிவு பெற்று வேலை பார்த்தவர்களையும் அந்த விசாரணை விடவில்லை. போனது பணம் மட்டுமல்ல, நர்ஸ் என்ற பெயரும் சேர்த்து. உங்கள் நான்கு வருட அனுபவத்தை இப்படி ஒருவர் கையில் அடகு வைக்கக் கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கிலாந்து வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகள், வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டு அரசின் நடத்தை விதியே சொல்கிறது. உங்கள் இப்போதைய ஏஜென்ட் எதற்காவது பணம் கேட்டால் எதற்கென்று எழுத்தில் வாங்குங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் படும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டிகிரி சான்றிதழில் இனிஷியலோடு பெயர், தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் பதிவில் அதே இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். இப்படி மூன்று விதமாக இருந்தால் பிறகு ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். ஐஇஎல்டிஎஸ் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மார்ச் தேர்வுக்குப் பிறகு பாஸ்போர்ட்டை மாற்றியிருந்தால் இப்போதே மையத்துக்குத் தெரிவியுங்கள். தேர்வு நாளில் அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. உங்கள் பாஸ்போர்ட் மருத்துவமனை ஹெச்.ஆர். கையில் இருந்தால் இரண்டு வாரம் முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு டியூட்டி போடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்திதான். அந்த டியூட்டிக்கு மாற்று ஆளை இப்போதே பேசி வையுங்கள்.

அக்டோபர் தேர்வில் மற்றதெல்லாம் நன்றாக வந்து ரைட்டிங் மட்டும் மறுபடி 6 என்று வந்தால், ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேளுங்கள். ஸ்கோர் மாறினால் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக் என்ற வசதியும் இருக்கிறது. ஆனால் தேர்வு எழுதி 60 நாளுக்குள் எழுத வேண்டும், எல்லா அமைப்பும் அதை ஏற்பதில்லை. என்.எம்.சி.யிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வந்தபிறகே அதற்குப் பணம் கட்டுங்கள். இவை இரண்டும் கைகொடுக்காவிட்டால் பிப்ரவரியில், அதாவது 12 மாதம் முடிவதற்குள், மஸ்கட்டிலேயே இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் பிறகுதான் ஓஇடி பற்றி யோசிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் கால் பற்றிய அந்தப் பத்தியைத் திரும்ப எழுதி, இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.